கல்லில் பூத்த வெள்ளைப் பொடி: பூஞ்சையைத் தேடாதீர்கள், அலமாரியை முகர்ந்து பாருங்கள்

கேள்வியின் சாரம் இது. சிங்கப்பூரின் பொங்கோலில் புது வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. கால்சைட், மாலகைட், அசுரைட், ரோடோக்ரோசைட், ஒரு சிறு செருசைட் என்று சேர்த்த கற்களை, தச்சரை வைத்துச் செய்த கண்ணாடிக் கதவு அலமாரியில் வைத்தீர்கள். எட்டு மாதத்தில் கால்சைட்டின் மேலும், பக்கத்தில் இருந்த அம்மாவின் சோழிகள் மேலும் உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடி. பூஞ்சை என்று நினைத்து வினிகர் தொட்டுத் துடைத்ததில் கால்சைட்டின் மினுமினுப்பே போய்விட்டது. கல் போலியா என்று சந்தேகம். மாலகைட்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுக் காலையில் குடிக்கலாமா என்று அம்மா கேட்கிறார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறது.

முதலில், கல் போலி என்பதற்கு நீங்கள் சொன்னதில் எந்த அறிகுறியும் இல்லை. வினிகர் பட்டு மங்கியது என்றால் அது உண்மையான கார்பனேட்டாக, அதாவது உலோகமும் கரியமில வாயுவின் கூறும் சேர்ந்த கல்லாக, இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்; உங்கள் ஐந்து வகைக் கற்களும் இந்தக் குடும்பம்தான். கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் வினிகர் அதை ஒன்றும் செய்திருக்காது. இரண்டாவது, அந்தப் பொடி பெரும்பாலும் பூஞ்சை இல்லை. அலமாரியின் பலகையிலிருந்தும் பசையிலிருந்தும் வரும் அமில ஆவி கல்லையும் சோழியையும் அரித்து உண்டாக்கிய உப்பு.

உறுதிப்படுத்த இரண்டு நிமிடம் போதும். 10 மடங்கு லூப் (நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். பூஞ்சையானால் நூல் நூலாக, பஞ்சு போலப் படர்ந்திருக்கும். இது ஊசி ஊசியாக, சர்க்கரைத் துகள் போல ஒளியில் மின்னும். கொஞ்சம் சுரண்டி ஒரு கரண்டி நீரில் போட்டால் கரைந்துவிடும்; பூஞ்சை கரையாது. பிறகு அலமாரியை ஒரு நாள் முழுக்கத் திறக்காமல் வைத்திருந்து, திறந்தவுடன் மூக்கை உள்ளே விட்டுப் பாருங்கள். புளித்த நெடியோ, புதுப் பலகையின் கண்ணைக் கரிக்கும் வாடையோ அடித்தால் விஷயம் முடிந்தது.

எல்லாக் கார்பனேட்டுக்கும் அமிலம் பொதுப் பகை. அமிலம் பட்டால் கார்பனேட் பகுதி கரியமில வாயுவாகப் பொங்கி ஓடிவிடும், உலோகப் பகுதி அந்த அமிலத்தின் உப்பாக மாறும். மரம் இயல்பாகவே அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் புளிப்பை, மெதுவாக வெளியே விடும். ஓக் இதில் மோசம். பிளைவுட்டும் எம்டிஎப்பும் (மர நாரைப் பசையில் அழுத்திய பலகை) இன்னொரு வழியில் கெடுக்கும். ஒட்டும் பசையிலிருந்து வரும் பார்மால்டிஹைடு காற்றில் ஓரளவு பார்மிக் அமிலமாகிறது. கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான் பசை வினிகர் நெடி அடிக்கும் வகையாக இருந்தால், அதுவும் உலரும்போது அசிட்டிக் அமிலத்தைத்தான் வெளியே தள்ளும். தூசி புகாமல் கதவை எவ்வளவு இறுக்கமாக மூடுகிறோமோ அவ்வளவுக்கு ஆவி உள்ளேயே தேங்கும். உள்ளே எல்இடி விளக்கின் சூடு வேறு. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் கல்லின் மேல் எப்போதும் ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அந்த ஆவியைப் பிடித்துக்கொள்கிறது. கால்சைட்டிலும் சோழியிலும் பூத்தது கால்சியம் அசிட்டேட்டும் பார்மேட்டும்.

அருங்காட்சியகங்கள் இதில் நூறு வருடத்துக்கு மேல் அடிபட்டிருக்கின்றன. 1899இல் பைன் என்ற பிரிட்டிஷ் கிளிஞ்சல் ஆர்வலர் இதை நுண்ணுயிர் சம்பந்தப்பட்ட அழுகல் என்று நினைத்து எழுத, ‘பைன் நோய்’ என்ற பெயர் இன்றுவரை நின்றுவிட்டது. நோயே இல்லை, தொற்றவும் தொற்றாது. பக்கத்துக் கல்லும் பூத்தால் அதற்குக் காரணம் ஒரே காற்று.

இப்போது செய்ய வேண்டியது. எல்லாக் கற்களையும் வெளியே எடுத்து, மூடி இல்லாத எவர்சில்வர் தட்டிலோ பாலிபுரொப்பிலீன் உணவுப் பெட்டியிலோ வையுங்கள். பொடியை மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டி விடுங்கள்; துணியால் தேய்க்க வேண்டாம். வீட்டுத் தூசியில் குவார்ட்ஸ் துகள் உண்டு. அதன் கடினம் மோஸ் அளவில் 7, கால்சைட்டுடையது 3. தேய்க்கத் தேய்க்கக் கீறல்தான் விழும். சோழியைக் காய்ச்சி வடித்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீரை மாற்றி, விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்க உலர்த்துங்கள். உட்சுழலில் நீர் தங்கும், அதனால் வாயைக் கீழே பார்த்து வையுங்கள். கால்சைட்டை அப்படி ஊறவைக்கத் தேவையில்லை. அதே நீரில் அரை நிமிடம் அலசி, உறிஞ்சும் தாளால் ஒற்றி எடுத்தால் போதும். அறைச் சூட்டில் உள்ள நீராக இருக்கட்டும். கால்சைட் சூடேறும்போது ஒரு திசையில் நீளும், அதற்குக் குறுக்கே சுருங்கும். ஏர்கான் அறையில் குளிர்ந்த கல்லை வெந்நீரில் காட்டினால் உள்ளே பிளவுத் தளத்தோடு வானவில் வண்ணத்தில் ஒரு விரிசல் ஓடும், அது திரும்ப ஒட்டாது.

அசுரைட், செருசைட், மாலகைட் படிகக் கொத்து ஆகியவற்றில் நீரே வேண்டாம்; தூரிகையும், கேமராக்காரர் தூசி ஊதும் ரப்பர் குமிழும் போதும். பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கும் புளியும் எலுமிச்சையும் நம் வீட்டுக் கைப்பழக்கம். இந்தக் கற்களின் பக்கம் அவை இரண்டும் வரவே கூடாது. நுண்ணதிர்வால் அழுக்கு நீக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியும் அப்படியே.

மங்கிப்போன கால்சைட்டின் முகம் திரும்பாது. அமிலம் மேல்தோலையே கரைத்துவிட்டது. எண்ணெய் தடவி மினுக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள்; தூசி பிடித்து மஞ்சளாகும். அடிபடாத பக்கத்தை முன்னே திருப்பி வைப்பதுதான் நேர்மையான வழி.

இனி அலமாரி. தச்சு வேலையை உடைத்துப் போட வேண்டியதில்லை, கற்களை அங்கிருந்து எடுத்தால் போதும். கண்ணாடி, அலுமினியம், சூட்டில் சுட்ட பவுடர் பூச்சுள்ள இரும்பு ஆகியவற்றால் ஆன அலமாரியோ, கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும், ஈரத்தைக் குறைக்கும் டிரை கேபினெட்டோ நல்லது. புதிதாக ஒட்டிய சிலிக்கான் இருந்தால் நெடி முழுக்கப் போகும்வரை சில வாரம் திறந்து போட்டுவிட்டுப் பிறகு வையுங்கள். பழைய அலமாரியையே பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் கதவில் காற்றோட்டம் விடுங்கள், ஒவ்வொரு கல்லையும் மூடியுள்ள அக்ரிலிக் பெட்டிக்குள் வையுங்கள். வார்னிஷ் அடித்தால் ஆவி நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம், பல வார்னிஷ்கள் தாமே அமிலம் விடும்.

எந்தப் பலகை கெடுக்கிறது என்று வீட்டிலேயே சோதிக்கலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஒடி 1973இல் வகுத்த முறையின் எளிய வடிவம் இது. இரண்டு சிறு ஜாடிகள், இரண்டு ஈயத் தூண்டில் குண்டுகள். குண்டுகளை உப்புத்தாளால் பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள், குழந்தை பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். இரண்டு ஜாடியிலும் ஈரப் பஞ்சு ஒன்று, நூலில் தொங்கும் குண்டு ஒன்று. ஒரு ஜாடியில் மட்டும் பலகையின் சீவலைப் போட்டு இரண்டையும் இறுக்கி மூடி ஒரு மாதம் விடுங்கள். அருங்காட்சியகத்தில் 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். நம் ஊர் 30 டிகிரியில் பலன் மெதுவாக வரும், ஆனால் மோசமான பலகை காட்டிக் கொடுத்துவிடும். பலகை உள்ள ஜாடியின் குண்டு மட்டும் வெள்ளை பூத்தால் அந்தப் பலகையை நம்பாதீர்கள்.

அந்த வெள்ளைக்கு ஒரு வரலாறு உண்டு. ஈயத் தகட்டை வினிகர்ப் பானையின் மேல் அடுக்கி, சாணக் குவியலில் புதைத்து, வாரக் கணக்கில் விட்டுத்தான் ஐரோப்பாவில் வெள்ளை ஈயப் பூச்சு செய்தார்கள். சாணம் சூட்டையும் கரியமில வாயுவையும் கொடுக்கும், வினிகர் ஆவி ஈயத்தை அரிக்கும், விளைவது ஈயக் கார்பனேட்டின் நெருங்கிய உறவு. ஓவியருக்குச் சாயம், சீமாட்டிகளுக்கு முகப்பூச்சு, உடம்புக்கு நஞ்சு. இதே ஈயக் கார்பனேட் பூமிக்குள் தானே படிகமானால் செருசைட்.

உங்களிடம் உள்ளவற்றில் என் கண்ணுக்கு மிக உயர்ந்தது அந்தச் சிறு செருசைட்தான். வெள்ளை ஒளியை நிறங்களாகச் சிதறவிடும் அளவு வைரத்துக்கு 0.044, செருசைட்டுக்கு 0.055. டார்ச் ஒளியை ஒரு பக்கமாக அடித்து மெல்லத் திருப்பினால் உள்ளே சிவப்பும் நீலமும் பொறியாகப் பறக்கும். நமீபியாவின் சுமேப் சுரங்கத்தில் இது பனித்துகள் போல ஆறு கை விரித்த இரட்டைப் படிகமாகக் கிடைத்தது. ஆனால் கடினம் 3 முதல் 3.5 வரை, கண்ணாடி போல நொறுங்கும், சூட்டுக்குப் பயப்படும். அடர்த்தி 6.55, உள்ளங்கையில் வைத்தவுடன் ஈயம் என்று கனமே சொல்லும். குழந்தை உள்ள வீட்டில் இதற்குப் பூட்டும் மூடியும் உள்ள பெட்டி, எட்டாத உயரம், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவல் மூன்றும் கட்டாயம். வெள்ளையான இன்னொரு கார்பனேட், பேரியம் அடங்கிய விதரைட், எலி மருந்தாகவே பயன்பட்டது. வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும் என்பதே அதன் ஆபத்து. வருங்காலத்தில் வாங்கினால் அதற்கும் இதே ஒழுங்கு.

ஈரப்பதம் பற்றி ஒரு வார்த்தை. டிரை கேபினெட்டை 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் போதும், 30க்கு இறக்குவதால் இந்தக் கற்களுக்குக் கூடுதல் பயன் இல்லை. சிலிக்கா ஜெல் ஈரத்தைக் குறைத்து அரிப்பை மெதுவாக்கும். அமிலப் பலகை உள்ளே இருக்கும்வரை அது தற்காலிக ஆறுதல்தான். உங்கள் கால்சைட்டில் பொன்னிறப் பைரைட் துகள்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஈரக் காற்றில் பைரைட் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கந்தக அமிலம் உண்டாக்கும், அது தான் ஒட்டியிருக்கும் கால்சைட்டையே தின்று ஜிப்சமாக்கும். அப்படிப்பட்ட கல்லுக்குத் தனிப் பெட்டி வேண்டும், ஈரம் 40க்குக் கீழே இருக்கட்டும்.

ஒவ்வொரு கல்லும் அசல்தானா என்று பார்க்க அமிலத்தை எடுப்பதை விட நல்ல வழிகள் உண்டு.

தெளிந்த கால்சைட்டைத் தமிழ் முரசின் ஒரு தலைப்பின் மேல் வையுங்கள். ஒரு ‘ழ’ இரண்டு ‘ழ’வாகத் தெரியும். கல்லைத் தட்டையாக வைத்தபடியே சுழற்றுங்கள்: ஒரு ‘ழ’ அசையாமல் நிற்கும், மற்றது அதைச் சுற்றி வரும். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். போலராய்டு குளிர்கண்ணாடியை இடையில் பிடித்துத் திருப்பினால் ஒன்று மறைந்து மற்றது தெளியும், கால்வட்டம் திருப்பினால் மாறி நடக்கும். கண்ணாடியில் இந்த வித்தை நடக்காது. ஐஸ்லாந்திலிருந்து வந்த கால்சைட்டில் இதைக் கண்டு 1669இல் எழுதியவர் டென்மார்க்கின் ராஸ்மஸ் பார்தோலின். 1828இல் வில்லியம் நிகோல் இரண்டு துண்டுகளை ஒட்டி ஒளியை ஒரே தளத்தில் அதிரவைக்கும் பட்டகம் செய்தார், பாறையியல் நுண்ணோக்கி அதன் மேல்தான் வளர்ந்தது. வடக்குக் கடலோடிகள் மேகமூட்டத்திலும் சூரியன் இருக்கும் திசையைக் காட்டும் ‘சூரியக் கல்’ வைத்திருந்ததாகப் பழங்கதைகள் சொல்கின்றன. அது கால்சைட்டாக இருந்திருக்கலாம் என்பது அறிவியல்படி சாத்தியமே. ஆனால் வைக்கிங் கப்பல் எதிலிருந்தும் கிடைத்த சான்றாக அதை விற்பவர் சொன்னால் ஏற்க வேண்டாம்.

மாலகைட்டுக்குத் தராசு. சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு கோப்பை நீர் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாமல் பிடியுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கனஅளவு. காற்றில் கல் 156 கிராம், மூழ்கும்போது தராசு 40 காட்டினால், 156ஐ 40ஆல் வகுக்க 3.9. அது மாலகைட். பிளாஸ்டிக் 2ஐக்கூடத் தொடாது. பொடியைப் பிசினில் குழைத்து அழுத்தியது நடுவில் நிற்கும். மெருகேற்றிய கட்டிக் கல்லுக்குத்தான் இந்தக் கணக்கு. பொந்தும் இடுக்கும் உள்ள படிகக் கொத்தில் காற்றுக் குமிழி தங்கிப் பொய்யாகக் காட்டும். கண்ணுக்கும் ஒரு சோதனை: அசலில் பச்சை வரிகள் ஒன்றுக்கொன்று அகலம் மாறும், வளையத்துக்குள் வளையம் நெளியும், ஒவ்வொரு வரிக்குள்ளும் நிறம் மெல்ல ஏறி இறங்கும். அச்சடித்தது போல ஒரே அகலத்தில் தீர்க்கமான கறுப்புக் கோடுகள் ஓடினால் கீழே வையுங்கள்.

ரோடோக்ரோசைட்டை ரோடோனைட்டோடு குழப்புவார்கள். இரண்டும் மாங்கனீசால் சிவந்தவை. ரோடோனைட் சிலிகேட், கடினம் 5.5க்கு மேல், கறுப்பு நரம்பு ஓடும். ரோடோக்ரோசைட் 3.5 முதல் 4 வரை, வெள்ளையும் ரோஜா நிறமும் மாறி மாறி வரும் வரிகள். இன்கா அரசர்களின் இரத்தம் உறைந்த கல் என்று அர்ஜென்டினாவில் ஒரு கதை, அங்கே அது தேசியக் கல்லும்கூட. கொலராடோவின் ஸ்வீட் ஹோம் சுரங்கத்தில் 1992இல் கிடைத்த ‘ஆல்மா கிங்’ என்ற பெரிய சிவப்புப் படிகம் இப்போது டென்வர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெயிலும் காற்றும் மாங்கனீசை ஆக்ஸைடாக்கிப் பழுப்புத் தோல் போர்த்தும், ஆகவே சன்னலோரம் வைக்காதீர்கள்.

அசுரைட்டின் நீலம் நிலையற்றது. ஈரம் சேர, கரியமில வாயு விலக, அது மாலகைட்டாகும். நீல அசுரைட் படிகத்தின் வடிவம் மாறாமல் உள்ளே முழுக்கப் பச்சை மாலகைட்டாக மாறிய கற்களைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குவார்கள். உங்கள் வாழ்நாளில் வீட்டில் அது நடக்காது, ஆனால் சூடான விளக்கடியில் நீலம் கறுத்து மங்கும்.

வாங்கும்போது பெயரில் ஏமாறாதீர்கள். ‘கரீபியன் கால்சைட்’ பாகிஸ்தானிலிருந்து வரும் நீலக் கால்சைட்டும், அதன் நெருங்கிய உறவான பழுப்பு அரகோனைட்டும். ‘மெக்சிகன் ஆனிக்ஸ்’ வரியோடிய கால்சைட். மலிவான ‘டர்க்காய்ஸ்’ மணிகள் பலவும் நீலச் சாயம் ஏற்றிய மாக்னசைட், சேலத்தில் வெட்டியெடுக்கிறார்களே அதே வெள்ளைக்கல் இனம். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டுத் துளையின் உள்பக்கம் தேய்த்தால் நீலம் பஞ்சுக்கு ஏறும். வினிகர்ச் சோதனை கட்டாயம் வேண்டும் என்றால், கல்லின் அடியில் ஊசியால் சுரண்டிய பொடியை வேறு தட்டில் வைத்து ஒரு சொட்டு விடுங்கள், கல்லின் மேல் விடாதீர்கள். கால்சைட்டும் அரகோனைட்டும் லூப்பில் குமிழி காட்டும். டாலமைட், மாக்னசைட், ரோடோக்ரோசைட் குளிர்ந்த வினிகரில் அசையாமல் கிடக்கலாம், அதனால் குமிழி வராததை வைத்துப் போலி என்று முடிவு கட்டக்கூடாது.

அம்மாவின் கேள்விக்கு வருவோம். மாலகைட் ஊறிய நீரைக் குடிக்கக் கூடாது. அந்தக் கல்லின் எடையில் பாதிக்கு மேல், 57 விழுக்காடு, செம்பு. செம்புக் குடத்து நீரோடு இதை ஒப்பிட வேண்டாம்: குடம் உலோகம், இது அமிலத்தில் எளிதாகக் கரையும் உப்பு. எலுமிச்சை பிழிந்த நீரானால் இன்னும் மோசம். குமட்டல், வாந்தி, தொடர்ந்தால் ஈரலுக்குக் கேடு. குழந்தைகளைக் காக்க மாலகைட்டைத் தாயத்தாக அணிவிக்கும் வழக்கம் ரோமானியர் காலத்திலேயே எழுதிவைக்கப்பட்டது. மெருகேற்றிய மணியைப் பெரியவர் அணிவதில் கெடுதல் இல்லை. வாயில் வைக்கும் வயதுக் குழந்தையின் கழுத்தில் மட்டும் வேண்டாம்.

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும். நவரத்தினத்தில் இரண்டு இந்தக் குடும்பம். முத்து பெரும்பாலும் அரகோனைட். கால்சைட்டின் அதே சூத்திரம், அணுக்களின் அடுக்கு வேறு. பவளம் மக்னீசியம் கலந்த கால்சைட். சங்கும் சோழியும் அரகோனைட்தான். சுட்டாலும் சங்கு வெளுப்பு என்று நாம் சொல்வதில் வேதியியலும் அடங்கியிருக்கிறது: சுட்டால் கரியமில வாயு போய்த் தூய வெள்ளைச் சுண்ணாம்பு மிஞ்சும், நீர் சேர்த்துப் பூசினால் காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கி மறுபடி கால்சைட்டாக இறுகும். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரலின் உட்சுவரில் 1850களின் பிற்பகுதியிலும் 1860களின் தொடக்கத்திலும் இந்தியக் கைதிகள் பூசிய ‘மதராஸ் சுண்ணம்’ இதுதான். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும், தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்தது. பத்துமலைக் குகையில் தலைக்கு மேல் தொங்கும் கல்விழுதுகளும் கால்சைட்.

ஆகவே அம்மாவின் முத்தும் பவளமும் உங்கள் கற்களுக்கான விதிகளுக்கே கட்டுப்பட்டவை. கிளியோபாட்ரா வினிகரில் முத்தைக் கரைத்துக் குடித்த கதையில் ‘உடனே’ என்பதுதான் மிகை. கரைவது உண்மை, முழு முத்துக்கு ஒரு நாளுக்கும் மேலாகும். பவள மோதிரத்தோடு ரசத்துக்குப் புளி கரைத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெருகு போகும். வியர்வையும் லேசான அமிலமே. கழற்றியதும் ஈரத் துணியால் ஒற்றி, காய்ந்த துணியால் துடைத்து, மரப்பெட்டியில் போடாமல் மென்துணிப் பையில் வைக்கச் சொல்லுங்கள். தேக்கா நகைக்கடையில் மெருகேற்றக் கொடுத்தால் அமிலத் தொட்டியிலும் அல்ட்ராசோனிக்கிலும் போடக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.